கைக்கேற்ற கருவி



சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே மாமல்லபுரம் செல்வோர் முட்டுக்காட்டை அறியாதிருக்க இயலாது. வலப்புறம் உப்பங்கழி அமைதியாக விரிந்து கிடக்கும். இடப்புறம் அக்கழி கடலோடு கலக்கும் முகத்துவாரம் தோன்றும். அங்குள்ள படகுக் குழாமில் படகேறி மகிழ்ந்தோரும், தட்சிணசித்திராவில் தென்னாட்டுப் பழைய வீடுகளைக் கண்டு வியந்தோரும் உங்களிலே பலர் இருப்பீர்கள். அவ்வூரில் மூன்றாவதாக ஓர் இடமும் உண்டு. சுற்றுலா செல்வோர் அங்கே இறங்குவதில்லை. பல்வகை மாற்றுத்திறனாளிகளின் மேம்பாட்டுக்கென நடுவண் அரசு 2005ஆம் ஆண்டில் நிறுவிய தேசிய நிறுவனமே அது. பார்வையையும் செவியையும் ஒருங்கே இழந்தோர், மூளை முடக்குவாதத்தோடு பேச்சுக் குறையும் உடையோர் என, ஒன்றுக்கு மேற்பட்ட குறைகளை ஒருசேரச் சுமப்போருக்காக ஏற்பட்டது அந்நிறுவனம்.

அதன் பெயர்ப்பலகையைக் கடக்குந்தோறும் என் உள்ளத்தில் ஒரு பழைய நினைவு எழும். அந்த நினைவைச் சொல்லிவிட்டே இன்றைய பொருளுக்குள் புக விரும்புகிறேன்.

1988ஆம் ஆண்டு. ஆசிரியர் பயிற்சி முடித்து நான் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கடலோரச் சிற்றூர் ஒன்றின் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் கற்பித்து வந்தேன். அவ்வகுப்பில் மீனவர் வீட்டுச் சிறுவன் ஒருவன் இருந்தான். பிறவியிலேயே அவனுக்கு மூளை முடக்குவாதம். கைகள் அவன் எண்ணப்படி நடவா, நாவும் குழறும். ஆயினும் வல்லினம் எங்கே மிகும், எங்கே மிகாது என்று கேட்டால், வகுப்பில் முதலில் விடை சொல்பவன் அவனே. அவன் சொல்வதைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். ஆண்டிறுதித் தேர்வு வந்தது. அவன் தாளில் நான்கைந்து கீறல்களே இருந்தன. அவன் தந்தையாரை அழைத்து, "எழுத வராத பிள்ளையை மேல் வகுப்புக்கு எப்படி அனுப்புவது?" என்று கேட்டேன். சிறுவன் அருகிலேயே நின்றிருந்தான். அடுத்த சூன் மாதம் அவன் பள்ளிக்கு வரவில்லை.

அன்று எனக்கு அது நேர்மையான தீர்ப்பாகவே பட்டது. பிற்காலத்தில், எழுத்தின் வரலாற்றையும் கணிப்பொறியின் வரலாற்றையும் கற்கக் கற்க, அத்தீர்ப்பில் இருந்த பிழை விளங்கலாயிற்று. அவனுக்கு எழுத வரவில்லை என்றேன். உண்மையில் அவனுக்கு வராதது எழுத்தன்று, பேனா. எழுத்து வேறு, எழுதுகோல் வேறு. இந்த வேறுபாட்டை மனித குலம் எவ்வாறு மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் நம் நாட்டு நிகழ்ச்சிகளையே காண்போம். நம் முன்னோர் பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதினர். ஓலையில் நேர்கோடு அழுந்தக் கீறினால் அது நரம்பின் வழியே கிழியும். ஆகவே எழுத்துகள் வளைவு பெற்றன என்றும், ஓலை பொத்துப்போகும் என்று அஞ்சி மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடாமலே எழுதினர் என்றும் அறிஞர் கூறுவர். விளைவு யாது? கருவியின் குறையைக் கற்போர் சுமந்தனர். எது மெய், எது உயிர்மெய் என்பதை இடம் நோக்கி உய்த்துணர்வது படிப்பவர் கடனாயிற்று. கருவி வளையாவிடத்து மனிதன் வளைகிறான். வளைய இயலாதவன் விலக்கப்படுகிறான். எக்காலத்துக்கும் பொருந்தும் உண்மை இது.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் அருகிலேயே உண்டு. முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில் சாளுவன்குப்பம் என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள பல்லவர் காலத்து அதிரணசண்டக் குடைவரையில் ஒரே வடமொழிச் செய்தியை ஒரு புறம் கிரந்த எழுத்திலும் மறுபுறம் நாகரி எழுத்திலும் பொறித்துள்ளனர். தென்னாட்டார்க்குப் பழகியது ஒன்று. வடநாட்டார்க்குப் பழகியது மற்றொன்று. செய்தி ஒன்றே, அதை அடையும் வாயில் இரண்டு. சிற்பிக்கு வேலை இரட்டித்தது; படிப்பவர்க்குத் தொல்லை நீங்கியது. நல்ல வடிவமைப்பு என்பதன் இலக்கணம் இக்கல்லிலேயே அடங்கியிருக்கிறது எனலாம்.

இனி, உலக வரலாற்றைச் சற்றே நோக்குவோம். தட்டச்சுப் பொறி அலுவலகத்தின் வேகத்துக்காகவே தோன்றியது என்று நாம் எண்ணுகிறோம். ஆனால், 1808ஆம் ஆண்டளவிலேயே இத்தாலியில் பெல்லெக்ரினோ தூர்ரி என்பவர் ஒரு தட்டச்சுப் பொறியை அமைத்தார். கரோலினா ஃபந்தோனி என்னும் பார்வையிழந்த பெருமாட்டி பிறர் உதவியின்றிக் கடிதம் எழுதுவதற்கென்றே அது செய்யப்பட்டது. அப்பொறி இன்று இல்லை. அதில் அப்பெருமாட்டி எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. விசையை அழுத்தினால் எழுத்து விழும் என்ற கருத்து, ஒருவருடைய இயலாமைக்கு விடை தேடியபோது தோன்றிய கருத்துகளுள் ஒன்று என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1809இல், பிரான்சு நாட்டில் லூயி பிரெயில் பிறந்தார். தோல் வேலை செய்யும் தந்தையின் பட்டறையில் விளையாடுகையில் ஊசி கண்ணில் பட்டு, குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்தார். அவர் பயின்ற பாரிசுப் பள்ளியில், கண்ணுள்ளோர் படிக்கும் எழுத்துகளையே பெரிதாகப் புடைக்கச் செய்து மாணவர் தடவிப் படிக்கும் வழக்கம் இருந்தது. கண்ணுக்காகத் தோன்றிய வடிவத்தை விரலுக்குக் கொடுத்தனர். படிப்பதற்கே பெரும்பாடு, எழுதுவதோ இயலாத செயல். சார்லசு பார்பியே என்பவர் பன்னிரண்டு புள்ளிகளால் ஆன ஒரு முறையைக் கொணர்ந்தார். அது விரல் நுனிக்குள் அடங்கவில்லை. பிரெயில் பதினைந்து வயதிலேயே அதனை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். 1829இல் நூலாகவும் வெளியிட்டார். ஆறு புள்ளிகளால் 63 குறிகள் அமையும். ஒவ்வொரு குறியும் ஒரு விரல் நுனிக்குள் அடங்கும். எழுத்தின் தோற்றத்தைக் கைவிட்டு, எழுத்தின் பயனை அவர் பற்றிக்கொண்டார்.

கண்ணுள்ள ஆசிரியர் பலர் இதனை விரும்பவில்லை. தமக்குப் புரியாத எழுத்தை மாணவர் எழுதுவது அவர்களுக்கு ஒவ்வாதிருந்தது. பிரெயில் 1852இல் மறைந்தார். அவர் பயின்ற பள்ளியே அவருடைய முறையை முறைப்படி ஏற்றுக்கொண்டது 1854இல். இவ்வரலாற்றைப் படித்தபோது என் முகத்தையே கண்ணாடியில் கண்டதுபோல் இருந்தது. நம் நாட்டில், 1951இல் பாரதி பிரெயில் என்னும் பொதுமுறை ஏற்பட்டது. தமிழில் 'க' என்னும் ஒலிக்கு எந்தப் புள்ளிகளோ, இந்தியிலும் வங்காளத்திலும் அவ்வொலிக்கு அதே புள்ளிகள். கண்ணால் படிப்போர்க்கு வேறு வேறாகிய எழுத்துகள், விரலால் படிப்போர்க்கு ஒன்றாயின.

இப்போது தமிழ் விசைப்பலகையின் கதைக்கு வருவோம். தமிழ் எழுத்துகள் 247. தட்டச்சுப் பொறியில் உள்ள விசைகளோ ஏறத்தாழ ஐம்பதுதான். 1886இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலேயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா இச்சிக்கலோடு பல ஆண்டுகள் போராடித் தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு வடிவம் கொடுத்தார். உருளை நகராமல் குறியை மட்டும் பதிக்கும் விசைகளைக் கொண்டு, ஒரே எழுத்தின்மேல் மற்றொரு குறியைச் சேர்க்க வழிசெய்தார். அருமையான தொண்டு அது. எனினும் அப்பொறியில் எழுத்தை ஒலிக்கும் முறையில் அன்று, வரையும் முறையிலேயே அடிக்க வேண்டும். 'கொ' என்று அடிக்க முதலில் கொம்பு, பின்னர் ககரம், அதன்பின் கால் என மூன்று அழுத்தங்கள் தேவை. வாய் ஒரு வரிசையில் சொல்லும். கை வேறு வரிசையில் அடிக்கும்.

கணிப்பொறி வந்தபின் இக்கட்டாயம் நீங்கியது. உருவத்தைச் சேர்க்கும் வேலையைப் பொறியே செய்யும். மனிதன் ஒலியைக் குறித்தால் போதும். 1999ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடியது. பல நாட்டுத் தமிழறிஞரும் கணிப்பொறி வல்லுநரும் ஆராய்ந்த பயனாகத் தமிழ்99 என்னும் விசைப்பலகையைத் தமிழ்நாட்டு அரசு அவ்வாண்டிலேயே ஏற்றது. அதில் இடக்கைக்கு உயிர்கள். வலக்கைக்குப் பெரும்பாலும் மெய்கள். ககர விசையை அழுத்தி ஒகர விசையை அழுத்தினால் 'கொ' தோன்றும். மூன்று அழுத்தம் இரண்டாயிற்று. ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும்; ஙகரத்தின்பின் ககரம் வந்தாலும் அவ்வாறே. தமிழில் எவ்வெழுத்தோடு எவ்வெழுத்து மயங்கும் என்று இலக்கண நூலார் வகுத்தது, இங்கே விசைப்பலகையின் விதியாக உயிர்பெற்றிருக்கிறது. இலக்கணம் மதிப்பெண்ணுக்கு மட்டுமே உதவும் என்று சொல்லும் மாணவர் இதனைக் கருதுவாராக.

இந்த விசைப்பலகைக்கும் முட்டுக்காட்டு நிறுவனத்தை நினைவூட்டும் அச்சிறுவனுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கணக்கின் வாயிலாக விளக்குகிறேன்.

பத்து விரல்களும் இயங்காத ஒருவர் இருக்கிறார் என்று கொள்வோம். ஒரே ஒரு பொத்தானை மட்டும் அவரால் அழுத்த முடியும். முழங்கையாலோ, கன்னத்தாலோ, எதனாலோ. அவர் எவ்வாறு எழுதுவார்? திரையில் எழுத்துகள் கட்டங்களில் நிற்கும். ஒளி முதல் வரிசையில் தொடங்கி ஒவ்வொரு வரிசையாக இறங்கும். வேண்டிய வரிசை வந்ததும் அவர் பொத்தானை அழுத்துவார். பின்னர் ஒளி அவ்வரிசையில் ஒவ்வொரு கட்டமாக நகரும். வேண்டிய எழுத்து வந்ததும் மீண்டும் அழுத்துவார். பொத்தான் ஒன்று, காத்திருத்தலே எழுதுகோல். ஒளி நொடிக்கு ஓர் அடி நகர்வதாகக் கொள்வோம். தமிழின் 247 எழுத்துகளையும் பதினாறுக்குப் பதினாறாக அமைத்தால், கடைசி மூலையில் உள்ள எழுத்தை அடைய 32 நொடிகள் ஆகும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 எழுத்துகளை மட்டும் ஆறுக்கு ஆறாக அமைத்தால், எந்த எழுத்தையும் 12 நொடிக்குள் அடையலாம். உயிர்மெய்க்கு இருமுறை தேர்ந்தாலும் 24 நொடிதான். மிகுதியாக வழங்கும் எழுத்துகளை முன்வரிசைகளில் வைத்தால் நேரம் இன்னும் குறையும். இத்தகைய பயிற்சியிடம் ஒன்றில் இளம்பெண் ஒருத்தி இவ்வாறு தன் பெயரை எழுதி முடிப்பதை அருகிருந்து கண்டேன். ஒவ்வோர் எழுத்து விழுந்தபோதும் அவள் அன்னை கைதட்டினார். 1988ஆம் ஆண்டை எண்ணி நான் தலைகுனிந்தேன்.

மாணவர்களே, வடிவமைப்பு ஒருவருக்குக் கதவைத் திறக்கும்போதே மற்றொருவருக்கு மூடிவிடுவதும் உண்டு. 1968ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அமெரிக்காவில் டக்ளசு எங்கல்பார்ட் என்பவர் சுட்டெலி என்னும் கருவியை மக்கள் முன் இயக்கிக் காட்டினார். பின்னர்ப் படங்களும் சாளரங்களும் நிறைந்த திரைகள் பரவின. கட்டளைகளை மனப்பாடம் செய்யும் தொல்லை கண்ணுள்ளோர்க்கு நீங்கியது. ஆனால் பார்வையற்றோர் நிலை என்ன ஆயிற்று? எழுத்தாக இருந்தவரை திரையைப் படித்துச் சொல்லும் பொறி அவர்களுக்கு உதவியது. படமாக மாறியபின் அப்பொறி வாயடைத்து நின்றது. அதனைப் பேசவைக்கப் புதிய முயற்சிகள் தேவைப்பட்டன. ஆசுத்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்சு டே என்னும் பார்வையற்ற இளைஞர் இருவர் இம்முயற்சியில் இறங்கினர். அவர்கள் உருவாக்கிய, 2006இல் தொடங்கிய என்விடிஏ என்னும் திரை படிப்பான் இன்றும் விலையின்றிக் கிடைக்கிறது.

நம் சென்னையும் இதில் பின்தங்கவில்லை. பேச இயலாத குழந்தைகள் படங்களைத் தொட்டால் அவர்களுக்காகக் குரல் கொடுக்கும் 'ஆவாஸ்' என்னும் கருவியை, ஐ.ஐ.டி. மெட்ராசில் பயின்ற அஜித் நாராயணன் உருவாக்கினார். சென்னையில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்காகப் பணியாற்றும் வித்யாசாகர் நிறுவனத்தின் துணையும் அதற்கு இருந்தது. குழந்தைகளோடு நாள்தோறும் பழகியவர்கள் சொல்லச் சொல்லத் திருத்தப்பட்டதே அக்கருவியின் வெற்றிக்குக் காரணம் என்பேன். எவருக்காகக் கருவி செய்கிறோமோ, அவரிடமே கேட்டுச் செய்வதுதான் முறை.

இவ்வாறு சிலருக்காகச் செய்தவை பலருக்கும் பயன்பட்டமை வரலாறு காட்டும் மற்றோர் உண்மை. 1976இல் அமெரிக்கர் ரே குர்சுவைல் பார்வையற்றோருக்காக ஒரு படிக்கும் பொறியை வெளியிட்டார். அச்சிட்ட தாளை ஒளியால் வருடி, எழுத்தை அறிந்து, உரக்கப் படிக்கும் பொறி அது. அன்று ஒரு மேசையை அடைத்துக்கொண்ட அவ்வேலையை இன்று உங்கள் சட்டைப்பையில் உள்ள கைப்பேசி செய்கிறது. இரண்டெழுத்து அடித்ததும் முழுச்சொல்லைக் கைப்பேசி எடுத்துக் காட்டுகிறதன்றோ? ஒவ்வோர் எழுத்தையும் அழுத்தத் துன்புறுவோர்க்கு அது பல ஆண்டுகளுக்கு முன்பே துணையாயிருந்தது. கல்லில் இரு வகை எழுத்து வெட்டிய சாளுவன்குப்பத்துச் சிற்பியின் வழியில் வந்தவர்களே இவர்கள் அனைவரும்.

சட்டமும் பின்தொடர்ந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் பார்வையற்ற மாணவருக்குத் தேர்வில் சொல்வதை எழுதுவோரைத் தரவேண்டும் என்றது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 2007இல் உறுதிசெய்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் குறைகளின் வகையை ஏழிலிருந்து இருபத்தொன்றாக விரித்தது. தேர்வில் கூடுதல் நேரம், எழுதுவோர் உதவி முதலியவற்றை மாற்றுத்திறனாளி மாணவர் பிறருக்கும் உரியனவாக்கியது. 1988இல் இச்சட்டங்கள் இல்லை. ஆயினும் ஓர் ஆசிரியன், சிறுவன் சொல்லச் சொல்லக் கேட்டுத் தானே விடையை எழுதிப் பார்ப்பதற்குச் சட்டம் எதற்கு? அக்குறையைக் காலத்தின்மேல் ஏற்றி நான் தப்பித்துக்கொள்ள இயலாது.

உங்களுக்கும் ஒரு கடமை உண்டு. இணையத்தில் ஓர் அறிவிப்பைப் படமாக மட்டும் இட்டுவிட்டால், திரை படிப்பானைக் கொண்டு படிப்பவருக்கு அது வெறும் சுவராக நிற்கலாம். முன்பு தமிழுக்கு ஆளுக்கொரு குறியீட்டு முறை இருந்தது. கண்ணுள்ளோர் உரிய எழுத்துருவைப் பொருத்திப் படித்துக்கொண்டனர். படித்துச் சொல்லும் பொறிக்கோ அது பொருளற்ற குவியல். தமிழ்நாட்டு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. அம்முறையில் எழுதியதைப் பொறியும் படிக்கும். ஆகவே எழுத்தை எழுத்தாகவே இடுங்கள். படம் இட்டால், அதில் உள்ளதை ஒரு வரியில் எழுதிச் சேருங்கள். நாளை உங்களில் எவரேனும் கருவிகளை ஆக்குவோராகக் கூடும். அன்று முதற்கேள்வியாக, "இதனைப் பயன்படுத்த இயலாதவர் யார்?" என்று கேளுங்கள்.

கதையின் எஞ்சிய பகுதியைச் சொல்லி முடிக்கிறேன். நான் ஓய்வு பெற்றபின் ஒருநாள் என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. "ஐயா, வணக்கம். எட்டாம் வகுப்பில் தாங்கள் கற்பித்த வல்லினம் மிகும் இடங்களை நான் மறக்கவில்லை. இந்தக் கைப்பேசியில் விரல் கணுவால் தொட்டுத் தொட்டு எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திச் சொல்லுங்கள்" என்று இருந்தது. கீழே அவன் பெயர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அவன் எழுத்தை நான் கண்ட முதல் நாள் அதுவே. ஆசிரியர்க்குரிய பழக்கத்தால் இருமுறை படித்துப் பார்த்தேன். ஓர் ஒற்றும் பிழைபடவில்லை.

"தம்பி, உன் எழுத்தில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. திருந்த வேண்டியவன் நானே" என்று விடை எழுதினேன். அதனை அடித்து முடிக்க எனக்கு நெடுநேரமாயிற்று.